ஆவணத்தில் ‘மூட்டை’ என்று எழுதினேன், கணக்கு இடித்தது: பிசினஸ் அனலிஸ்ட் வேலையைச் சரியாகச் செய்வது எப்படி?

அரசலாறு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் கும்பகோணம். தஞ்சாவூரில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பத்து மாதங்களாகப் பிசினஸ் அனலிஸ்டாக இருக்கிறேன்; பயனர்களிடம் தேவைகளைக் கேட்டு, நிரல் எழுதும் டெவலப்பருக்கு ஆவணமாக எழுதித் தருவது என் வேலை. நான் முதன்முதலாகத் தனியே பொறுப்பேற்ற பணி, ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு (விவசாயிகளே பங்கு வாங்கி உறுப்பினராக இருப்பது) நெல் கொள்முதல் செயலி செய்து கொடுப்பது. நான்கு கூட்டங்கள் நடத்தி, 62 பக்கங்களில் தேவை ஆவணம் எழுதி, அந்த உற்பத்தியாளர் நிறுவனத்தின் தலைவரிடம் கையொப்பமும் வாங்கினேன். குறுவை அறுவடையின்போது செயலி பயன்பாட்டுக்கு வந்த மூன்றாம் நாளே கணக்கு இடித்தது.

ஆவணத்தில் நான் எழுதியிருந்த வரி இது: “உறுப்பினர் தரவுள்ள மூட்டைகளின் எண்ணிக்கையைப் பதிவு செய்ய வேண்டும்.” அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ சிப்பமாகப் பிடிப்பார்கள் என்பதால், ஒரு மூட்டை 40 கிலோ என்று எங்கள் டெவலப்பர் வைத்துக்கொண்டார். விவசாயிகளோ 60 கிலோ மூட்டைக் கணக்கில் எண்ணிக்கையைச் சொன்னார்கள். 90 மூட்டை என்று சொன்ன ஒருவருக்கு 5,400 கிலோ பதிவாகியிருக்க வேண்டும். 3,600 கிலோ என்று குறுஞ்செய்தி போயிற்று. விடுபட்ட 1,800 கிலோவை, 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்குத் தமிழ்நாட்டில் அரசு கொடுத்த குவிண்டால் 2,450 ரூபாய் விலையில் கணக்கிட்டாலே 44,100 ரூபாய் வருகிறது. அவர் கைப்பேசியை நீட்டியபடி அலுவலக வாசலில் வந்து நின்றார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மூட்டை என்றால் 60 கிலோ என்று தாத்தா வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனாலும் ஆவணம் எழுதும்போது அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நான் எந்த இடத்தில் தவறினேன், இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்ல வேண்டும். சான்றிதழ் படிப்பு உதவுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

கொள்ளிடக்கரை

வணக்கம். நான் டெவலப்பர், திருச்சியில் இருக்கிறேன். அந்த டெவலப்பரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் 40 என்றுதான் எழுதியிருப்பேன். எனக்கு 62 பக்கங்கள் தேவையில்லை. “90 மூட்டை என்று பதிந்தால் 5,400 கிலோ என்று காட்ட வேண்டும்” என்ற ஒற்றை வரி உங்கள் ஆவணத்தில் இருந்திருந்தால் இந்தத் தவறு நிகழ்ந்திருக்காது. எந்தத் தேவையை எழுதினாலும் அதன் கீழே உண்மையான எண்களோடு இரண்டு எடுத்துக்காட்டுகளாவது எழுதுங்கள். எண்ணைப் போட்டுப் பார்க்கும்போதுதான் நமக்குத் தெரியாதது எது என்பது நமக்கே தெரியவரும்.

பாமணியாறு

தங்கைக்கு வணக்கம். வங்கி, காப்பீட்டுத் துறைகளில் பதினாறு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். சில ஆண்டுகளாக மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே செய்கிறேன். உங்கள் தவறு பொதுவாக எல்லோருக்கும் நேர்வது என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதியைக் கற்றுக்கொண்டது போலாகும்.

நமக்குத் தெரியாத சொல்லை நாம் உடனே கேட்டுவிடுகிறோம். நன்றாகத் தெரிந்த சொல்தான் நம்மைக் கவிழ்க்கிறது. ‘மூட்டை’ உங்கள் வீட்டுச் சொல். அதனால்தான் அதைக் கேள்வி கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. வங்கியில் எனக்கு இதே அனுபவம் ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லில் கிடைத்தது. கடன் பிரிவில் அந்தச் சொல் கடன் வாங்கியவரை மட்டும் குறித்தது. சேமிப்புக் கணக்குப் பிரிவில் கூட்டுக் கணக்கின் இரண்டாவது பெயரையும் சேர்த்தே குறித்தது. இரு பிரிவினரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே சொல்லைச் சொல்லி, மூன்று வாரங்கள் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் எண்ணிக்கை ஒத்துப்போகாதபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே எந்தப் பணியிலும் முதல் வாரத்தில் நான் செய்வது சொற்பட்டியல் எழுதுவது. கூட்டத்தில் மூன்று முறைக்கு மேல் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எழுதி, அதை யார் என்ன பொருளில் சொல்கிறார்கள் என்று எதிரே குறித்துக்கொள்வேன். உங்கள் பணியில் மூட்டை, சிப்பம், ஏக்கர், மா, உறுப்பினர், ரகம், கழிவு ஆகிய ஏழு சொற்களுக்கு அப்படி எழுதியிருந்தால் போதும். நம் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி என்று பேச்சுவழக்கில் சொல்வோம். பரப்பைக் கேட்கும் கட்டத்தில் ஏக்கர் மட்டும் இருந்தால், ‘ஒன்பது மா’ என்று சொல்லும் பெரியவருக்காகப் பதிவு செய்யும் பையன் மனக்கணக்குப் போட வேண்டியிருக்கும். அந்த மனக்கணக்கு ஒரு நாள் தவறும்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் விதம். “வழக்கமாக நெல்லை எப்படி வாங்குவீர்கள்?” என்று கேட்டால், எதிரில் இருப்பவர் எப்படி நடக்க வேண்டுமோ அதைச் சொல்வார். “கடைசியாக நெல் வாங்கிய நாளன்று காலையிலிருந்து என்ன நடந்தது, யார் முதலில் வந்தார், எதில் எழுதினீர்கள், அந்தத் தாளைக் காட்ட முடியுமா?” என்று கேட்டால் நடந்ததைச் சொல்வார். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் நமக்கு வேண்டிய தேவைகள் ஒளிந்திருக்கின்றன. நடப்பதை ஒரு வரைபடமாகவும் நடக்க வேண்டியதை இன்னொரு வரைபடமாகவும் தனித்தனியே வரைந்து, முதல் வரைபடத்தை அந்த வேலையைச் செய்கிறவரிடமே காட்டித் திருத்தம் வாங்கிய பிறகுதான் இரண்டாவதை நான் தொடுவேன்.

ஓடம்போக்கி

வணக்கம். எனக்கு மென்பொருள் தெரியாது. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகத் தொடங்கி ஓய்வு பெற்றவன். உங்கள் மாதிரிப் பிள்ளைகள் வந்து கேள்வி கேட்கும் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் சங்கத்துக்குக் கணினி வந்தபோது, தேவைகளைக் கேட்டுப்போக இரண்டு பேர் வந்தார்கள். தலைவர் அறையில் தேநீர் குடித்தார்கள், இரண்டு மணி நேரம் பேசினார்கள், போய்விட்டார்கள். பேரேட்டை எழுதுகிற என்னிடமோ, தராசின் அருகே நிற்கிறவரிடமோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு சுழி போட்டிருப்போம். விதைக்கோ உரத்துக்கோ முன்பணம் வாங்கி இன்னும் அடைக்காதவர் என்பது அதன் பொருள். பணம் பட்டுவாடா செய்யும்போது அந்தச் சுழியைப் பார்த்துப் பிடித்தம் செய்வோம். அது எந்த விதிமுறையிலும் எழுதப்படவில்லை. எனக்கு முன்னே இருந்த எழுத்தர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. புதிய மென்பொருளில் சுழிக்கு இடமில்லை. முதல் பருவத்தில் முன்பணம் பிடிக்காமலே முழுத் தொகையும் போய்விட்டது; அதைத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு வீடாக நடந்தது நான்தான்.

தலைவர் பொய் சொல்லவில்லை அம்மா. அவருக்கு அந்தச் சுழியைப் பற்றித் தெரியாது. வேலை எவர் கையில் நடக்கிறதோ அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்காருங்கள். அவர் எழுதும் புத்தகத்தின் ஓரத்தில் இருக்கும் குறிகளையும், மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் துண்டுத் தாள்களையும் பார்த்து ஒவ்வொன்றும் என்ன என்று கேளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். எங்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான் எங்கள் குறை.

குடமுருட்டி

ஓடம்போக்கி ஐயா சொல்வது மனத்தைத் தொடுகிறது. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் பாபநாசத்திலிருந்து ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். என் பயனர்கள் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு நாற்பது நிமிடம் அவர்களோடு பேசக் கிடைத்தாலே அதிகம். பக்கத்தில் போய் உட்காருங்கள் என்ற அறிவுரை என்னைப் போன்றவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? மேலும், பயனர்கள் எல்லோரிடமும் கேட்டால் ஒருவர் சொன்னதற்கு நேர்மாறாக இன்னொருவர் சொல்கிறார். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் ஒருவரிடம் பேசி முடிப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது என்பது என் அனுபவம்.

பாமணியாறு

நியாயமான கேள்வி. தொலைவிலிருந்து செய்யும்போதும் உட்கார ஒரு வழி உண்டு. அந்த நாற்பது நிமிடத்தில் நீங்கள் கேள்வி கேட்காதீர்கள். நேற்று வந்த ஓர் உண்மையான இழப்பீட்டு விண்ணப்பத்தை, வாடிக்கையாளரின் விவரங்களை மறைத்துவிட்டு, தம் திரையைப் பகிர்ந்தபடி அவர் முடித்துக் காட்டட்டும். எந்த இடத்தில் அவர் மென்பொருளை விட்டுவிட்டுத் தனியாக ஓர் எக்செல் தாளைத் திறக்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஓடம்போக்கி ஐயாவின் சிவப்புச் சுழி அந்த எக்செல் தாளில் இருக்கிறது.

அதிகாரம் உள்ளவர் ஒருவரிடம் பேசி முடிப்பது பற்றி எனக்கு உடன்பாடில்லை. முடிவெடுப்பவர் வேறு, விவரம் அறிந்தவர் வேறு. விவரத்தைப் பலரிடம் கேட்க வேண்டும், முடிவை ஒருவரிடம் வாங்க வேண்டும். இரண்டு பயனர்கள் முரண்படும்போது யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. அந்த முரண்பாட்டை இருவர் பெயரோடும் ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் ஏற்றால் என்ன விளையும் என்று காட்டி, முடிவெடுப்பவர் முன் வைப்பதுதான் நம் வேலை. அவர் முடிவு செய்த நாளையும் காரணத்தையும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து “இதை யார் சொன்னது?” என்ற கேள்வி வராத பணியை நான் பார்த்ததில்லை.

வெட்டாறு

நான் டெஸ்டர், மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. நாகப்பட்டினம் சொந்த ஊர். இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். தேவை வேறு, விதி வேறு. “நெல்லின் ஈரப்பதத்தைப் பதிவு செய்ய வேண்டும்” என்பது தேவை. “17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் வாங்கக் கூடாது” என்பது விதி. மத்திய அரசு வகுத்த அந்த 17 சதவீதம், அறுவடை நேரத்தில் மழை பெய்த ஆண்டுகளில், தமிழ்நாடு அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் தளர்த்தப்பட்டிருக்கிறது. விதியைத் தேவையோடு குழைத்து ஒரே வரியாக எழுதிவிட்டால், டெவலப்பர் 17 என்ற எண்ணை நிரலுக்குள்ளேயே பதித்துவிடுவார். தளர்வு ஆணை வந்த அன்று, நெல் சாலையோரத்தில் நனைந்துகொண்டிருக்கும்போது, நாம் புதிய பதிப்பு வெளியிட ஓடிக்கொண்டிருப்போம்.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மேட்டூர். அணை திறக்கும் நாள் ஜூன் 12 என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஒரு பயிர்த் திட்டச் செயலியைச் சோதித்தபோது குறுவைப் பருவம் ஜூன் 12-இல் தொடங்குவதாக ஆவணத்தில் இருந்தது. 2022-இல் மே 24 அன்றே தண்ணீர் திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அந்த இரண்டு நாள்களையும் சோதனைக்குக் கொடுத்தேன், இரண்டிலும் செயலி தவறான பருவத்தைக் காட்டியது. ஆவணத்தில் எண்ணோ நாளோ சதவீதமோ வரும் ஒவ்வொரு இடத்திலும், இதை மாற்றும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை முறை மாறியது என்று கேளுங்கள். மாறக்கூடியது என்றால் அலுவலகத்தில் இருப்பவரே மாற்றிக்கொள்ளும்படி ஓர் அமைப்புத் திரையைக் கேட்டு எழுதுங்கள்.

கூடவே, வழக்கத்துக்கு மாறானதையும் கேளுங்கள். சிக்னல் இல்லாத வயலில் பதிவு என்ன ஆகும், சாக்கின் எடையை எப்போது கழிப்பார்கள், எடை போட்ட பிறகு விவசாயி மனம் மாறி நெல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? நல்ல ஆவணத்தில் இத்தகைய வரிகள்தான் அதிகம் இருக்கும்.

வெண்ணாறு

சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தத் தொழிலுக்கான பன்னாட்டு அமைப்பு ஐ.ஐ.பி.ஏ. 2003-இல் கனடாவில் தொடங்கப்பட்டது. அதன் சி.பி.ஏ.பி. சான்றிதழுக்குக் கடந்த பத்து ஆண்டுகளில் 7,500 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும் என்பதால் உங்களுக்கு அது இப்போது பொருந்தாது. தொடக்க நிலைக்கு ஈ.சி.பி.ஏ. உண்டு. பாடத்திட்டம் பயனுள்ளதுதான், குறிப்பாக, நிறுவனத்தின் தேவை, பயனரின் தேவை, தீர்வுக்கான தேவை, பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் காலத்துக்கான தேவை என்று நான்காகப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. நான்காவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஐயா சொன்ன பழைய முன்பணப் பாக்கி அந்த வகையில்தான் வரும்.

அத்துடன் முன்னுரிமை வகுக்கும் ‘மாஸ்கோ’ முறையையும் பழகுங்கள். ஆரக்கிள் நிறுவனத்தில் பணியாற்றிய டாய் கிளெக் 1994-இல் வகுத்தது. கட்டாயம் வேண்டியது, வேண்டியது, இருந்தால் நல்லது, இம்முறை வேண்டாதது என்று நான்கு கூறுகள். எல்லாமே கட்டாயம் என்று கிளையண்ட் சொல்வார். கட்டாயம் என்ற கூறு மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் பேச்சு நேராகிவிடும்.

அரசலாறு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டு நாள்கள் கழித்து எழுதுகிறேன். மேலாளரிடம் அனுமதி பெற்று இரண்டு நாள்கள் அந்த நிறுவனத்தின் கொள்முதல் களத்திலேயே இருந்தேன்.

முதல் நாள் காலை, எடை போடும் அண்ணன் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, உள்ளே முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்தார். அதில் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். “நறுக்கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது, நசுங்கினால் ஈரம்” என்றார். அதன் பிறகுதான் ஈரப்பதமானியின் கிண்ணத்தில் நெல்லை இட்டார். நசுங்கிய மூட்டைகளை அவர் கருவியில் இடாமலே ஓரமாக வைத்து, மாலை வரை களத்தில் பரப்பிக் காயவைக்கச் சொன்னார். ‘நிறுத்தி வைத்தது’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். என் ஆவணத்தில் ஏற்பு, நிராகரிப்பு என்று இரண்டு நிலைகள்தான் உண்டு. இதனால் அவர் கடந்த இரண்டு வாரங்களாக நிறுத்தி வைத்தவற்றைச் செயலியில் பதியாமல், ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவதாக, தலைவர் பதினான்கு நெடுவரிசைகள் கொண்ட அன்றாட அறிக்கை ஒன்றைக் கேட்டிருந்தார். அதை முடிக்க டெவலப்பருக்கு ஒன்பது நாள்கள் ஆகும் என்று கணித்திருந்தோம். “இந்த அறிக்கை மாலையில் உங்கள் கைக்கு வந்ததும் என்ன செய்வீர்கள் ஐயா?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “நாளைக் காலையில் எத்தனை லாரி சொல்ல வேண்டும் என்று பார்ப்பேன்” என்றார். மற்ற நெடுவரிசைகள், முன்பு ஆடிட்டர் ஒருவர் கேட்டதால் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஏற்றாமல் மிஞ்சியிருக்கும் எடையும் அதற்கு வேண்டிய லாரிகளின் எண்ணிக்கையும் காட்டும் இரண்டு வரிகள் போதும் என்று இப்போது எழுதி, அவரிடம் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.

மூட்டைக் கணக்கையும் திருத்தியாயிற்று. பதிவை எடையாக மட்டும் வைத்து, 60 கிலோ மூட்டை, 40 கிலோ சிப்பம் ஆகிய இரண்டையும் திரையில் அருகருகே காட்டுகிறோம். பாதிக்கப்பட்டவரின் பதிவைத் திருத்தி அவரிடம் நேரில் காட்டிவிட்டு வந்தேன்.

ஒரு புதிய கேள்வி எழுந்திருக்கிறது. நிலம் கோயிலுக்குரியது, நில உரிமையைக் காட்டும் சிட்டா கோயில் பெயரில் இருக்கிறது. சாகுபடி செய்கிறவர் குத்தகைதாரர். பங்கு வாங்கி உறுப்பினராக இருப்பவர் அவருடைய மனைவி. செயலியில் ‘உறுப்பினர்’ என்று ஒரே கட்டம்தான் இருக்கிறது. பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

பாமணியாறு

ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரியுங்கள்: நில உரிமையாளர், சாகுபடி செய்பவர், உறுப்பினர். மூவரும் ஒருவராகவும் இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். பணம் பெறுபவர் யார் என்பதை நான்காவதாகத் தனியே வையுங்கள். யாருக்குப் பணம் என்ற முடிவு உங்களுடையதும் அன்று, டெவலப்பருடையதும் அன்று. அவர்கள் இயக்குநர் குழு கூடி எடுக்க வேண்டியது. மூவர் சொன்னதையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டத்துக்கு அனுப்புங்கள்.

ஓடம்போக்கி

தம்பி சொல்வது சரி. அந்தக் கூட்டத்துக்குப் போகும் முன் ஒன்று செய்யுங்கள் அம்மா. கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் (சாகுபடி விவரப் பதிவேட்டில்) சாகுபடி செய்பவர் பெயர் எப்படி இருக்கிறது என்று ஐந்து உறுப்பினர்களுடையதை வாங்கிப் பாருங்கள். குத்தகையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தாலும், வாய்மொழியாகவே உழுது வருபவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. அந்த ஐந்து தாள்களையும் மேசை மேல் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அறுவடைக்கு வந்த பிறகு அல்ல, சம்பா நடவு முடிவதற்குள் அந்தக் கூட்டத்தை நடத்திவிடச் சொல்லுங்கள்.

அரசலாறு

திங்கட்கிழமை காலை அடங்கல் வாங்கப் போகிறேன் ஐயா. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.